டியெல்மோ: ஒரு கிராமத்தின் காய்ச்சல் கணக்கு

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சில் வந்த தடுமாற்றங்களை மட்டும் கொஞ்சம் சரி செய்திருக்கிறேன்.)

இன்னைக்குக் கதை ஆப்பிரிக்காவுல நடக்குது. ஆனா என் லேப்டாப்ல இருந்துதான் தொடங்கணும்.

போன வருஷம் ஒரு வாரம் எனக்கு ஆன்-கால் டியூட்டி. ஐடி பக்கம் இல்லாதவங்களுக்காகச் சொல்றேன்: சர்வர்ல ஏதாவது உடைஞ்சா ராத்திரி ரெண்டு மணியானாலும் நம்ம போன் அடிக்கும், எழுந்து பாக்கணும். அந்த வாரம் போன் அடிக்கவே இல்ல. டேஷ்போர்டுல எரர் கவுண்ட் ஜீரோ. மூணு நாள் நல்லா தூங்கினேன். நாலாவது நாள் காலையில கஸ்டமர்கிட்ட இருந்து மெயில் மேல மெயில். பார்த்தா, எரர்களை எண்ணி அனுப்புற அந்தக் குட்டி புரோகிராமே செத்துப் போயிருக்கு. அதுக்கு முந்தின வாரம் ஒரு செட்டிங்கை மாத்தினது நான்தான், அதனால யாரையும் திட்டக்கூட முடியல.

ஒரு ஜீரோவுக்கு ரெண்டு அர்த்தம் இருக்கலாம் இல்லையா? ஒண்ணு, எதுவும் நடக்கல. இன்னொண்ணு, யாரும் பாக்கல. திரையில ரெண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். இந்த எரிச்சலோட எதையெதையோ படிச்சுக்கிட்டு இருந்தப்பதான் டியெல்மோ என்ற ஊரின் பெயர் கண்ணில் பட்டது. மேற்கு ஆப்பிரிக்காவில், செனகல் நாட்டில் இருக்கும் ஒரு சின்னக் கிராமம். 1990-ல் அங்கே கிட்டத்தட்ட 250 பேர் இருந்தார்கள். அந்த வருஷத்திலிருந்து அந்த ஊரில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் ஒருவர் எழுதி வைத்திருக்கிறார். 22 வருஷக் கணக்கு ஒரே தொடராக அச்சில் வந்திருக்கிறது. கணினித் தரவு இல்லை, மனிதர்களின் உடம்புக் கணக்கு.

அங்கே போறதுக்கு முன்னாடி ஒரு கேள்வி. ஒரு ஊரில் மலேரியா எவ்வளவு இருக்கிறது என்று எப்படி எண்ணுவது?

தொடக்க பதில்களில் ஒன்று நம்ம துணைக்கண்டத்துல இருந்துதான் வந்தது. 1840-களில் டெல்லி, கர்னால் பக்கம் யமுனைக் கால்வாய் ஓரத்து ஊர்களில் காய்ச்சல் அதிகம் என்று புகார். கால்வாய்தான் காரணமா என்று பார்க்கக் கம்பெனி அரசு மூன்று பேர் கொண்ட குழு ஒன்றை அமைத்தது. அதில் டெம்ப்ஸ்டர் என்று ஒரு மருத்துவர். மலேரியாவுக்குக் காரணம் ஒரு ஒட்டுண்ணி என்று அன்றைக்கு யாருக்கும் தெரியாது. அது 1880-ல் அல்ஜீரியாவில் லாவெரான் கண்ணில்தான் முதலில் படுகிறது. கொசுவுக்கும் அதற்கும் உள்ள தொடர்பை ரொனால்ட் ராஸ் செகந்திராபாத்தில் பிடித்தது 1897-ல். ஆனால் அடிக்கடி காய்ச்சல் வரும் ஊர்களில் ஆட்களுக்கு மண்ணீரல் வீங்கியிருக்கும் என்பது டெம்ப்ஸ்டருக்குத் தெரியும். அதனால் ஊர் ஊராகப் போய், இடது விலா எலும்புக்குக் கீழே கையை வைத்து அழுத்திப் பார்த்து, நூற்றுக்கு எத்தனை பேருக்கு வீக்கம் என்று எண்ணினார். கால்வாய் பக்கத்து ஊர், தள்ளி இருக்கும் ஊர், இரண்டுக்கும் எண்ணை ஒப்பிட்டார். நோயின் காரணமே தெரியாமல் நோயை அளந்த மனிதர்! அந்த மண்ணீரல் விகிதம் அதற்கப்புறம் நூறு வருஷத்துக்கு மேல் உலகம் முழுக்கப் புழக்கத்தில் இருந்தது.

ஒரு சின்ன இடைச்செருகல். அந்தக் குழுவின் மூன்றாவது ஆள் ஹென்றி யூல். பின்னாடி 'ஹாப்சன்-ஜாப்சன்' அகராதியை உருவாக்கிய அதே யூல். நம்ம கட்டுமரமும் மிளகுத்தண்ணியும் ஆங்கிலத்துக்குப் போன கதையை அதில் பார்க்கலாம். அது வேறு எபிசோட். இப்போதைக்கு விட்டுடறேன்.

மண்ணீரலை எண்ணுவதில் ஒரு சிக்கல். அது நேற்றைய செய்தி. பழைய காய்ச்சல்கள் எல்லாம் சேர்ந்துதான் அந்த வீக்கம். இந்த மாதம் என்ன நடக்கிறது என்று அது சொல்லாது. நம்ம பாஷையில சொன்னா, லைவ் டேட்டா இல்ல, பழைய பேக்கப்.

லைவ்வாகப் பார்க்கும் பெரிய முயற்சி ஒன்று நைஜீரியாவின் வடக்கே, கானோ மாநிலத்தில், கார்கி என்ற பகுதியில் நடந்தது. உலக சுகாதார நிறுவனமும் நைஜீரிய அரசும் சேர்ந்து 1969-லிருந்து 1976 வரை நடத்திய திட்டம். பத்து வாரத்துக்கு ஒரு முறை கிராமங்களில் ரத்தம் எடுத்தார்கள், கொசு பிடித்தார்கள். வீட்டுச் சுவர்களில் புரோபாக்சர் என்ற பூச்சிமருந்து அடித்தார்கள். சில ஊர்களில் அதோடு சேர்த்து எல்லாருக்கும் மாத்திரையும் கொடுத்தார்கள். மாத்திரை கொடுத்த ஊர்களில் ஒட்டுண்ணி உள்ளவர்களின் சதவீதம் ஒற்றை இலக்கத்துக்கு இறங்கியது. ஆனால் பூஜ்யம் ஆகவில்லை. அந்த ஊர்க் கொசுக்களில் ஒரு பங்கு, கடித்த பிறகு மருந்தடித்த சுவரில் உட்காராமல் வெளியே போய்விடும். மருந்து நின்றது, திட்டக்காரர்கள் கிளம்பினார்கள், மலேரியா திரும்ப ஏறியது. 1980-ல் அருமையான ஒரு புத்தகம் வந்தது. மலேரியாவைக் கணித மாதிரியாக எழுதுகிறவர்கள் இன்றும் கார்கி தரவைத் தொடாமல் போக முடியாது. அந்த ஊர்க் குழந்தைகளுக்கு அதில் என்ன மிஞ்சியது என்று கேட்டால், எனக்கு நல்ல பதில் இல்லை.

கார்கி போல ஒரு மருந்தைச் சோதித்துப் பார்ப்பது டியெல்மோவின் தொடக்க நோக்கம் இல்லை. ஒரு மனிதருக்கு மலேரியாவுக்கு எதிரான எதிர்ப்புச் சக்தி எப்படி வருகிறது? இந்த ஒரு கேள்விதான். டாக்கர் நகரத்தின் பாஸ்டர் நிறுவனத்து ஆய்வாளர்களும், ழான்-பிரான்சுவா ட்ராப், கிறிஸ்டோஃப் ரோஜியே போன்ற பிரெஞ்சு ஆய்வாளர்களும் சேர்ந்து தொடங்கினார்கள். அதற்கு மலேரியா வருஷம் முழுக்க இருக்கும் ஊர் வேண்டும். டியெல்மோ டாக்கரிலிருந்து தென்கிழக்கே சுமார் 280 கிலோமீட்டர், காம்பியா எல்லைக்குப் பக்கம். விவசாயக் கிராமம். ஊர் ஓரமாக நேமா என்று ஒரு சின்ன ஓடை, கோடையிலும் வற்றாது. சுற்றி இருக்கும் ஊர்களில் மழை முடிந்தால் கொசு குறையும். இங்கே ஓடை இருப்பதால் வருஷம் பூராவும் கொசு.

அவர்கள் செய்ததைக் கேளுங்க. ஊரிலேயே ஒரு ஆய்வு நிலையம் கட்டினார்கள், 24 மணி நேரமும் திறந்திருக்கும் ஒரு மருந்தகத்தோடு. தினமும் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒருவர் போவார். வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், யார் வெளியூர் போயிருக்கிறார்கள், யாருக்காவது காய்ச்சலா, தலைவலியா. எல்லாம் எழுதப்படும். தினமும், வீடு வீடாக! காய்ச்சல் என்றால் உடனே விரல் நுனியில் குத்தி ரத்தம் எடுத்து, ஸ்லைடில் தடவி, மைக்ரோஸ்கோப்பில் பார்த்து, மருந்தும் கொடுத்துவிடுவார்கள். காய்ச்சல் இல்லாதவர்களுக்கும் அவ்வப்போது ரத்தப் பரிசோதனை உண்டு.

இன்னொரு வேலை, ராத்திரி வேலை. ஊர் எவ்வளவு கடி வாங்குகிறது என்று தெரியணுமே. அதற்கு மாதாமாதம் சில இரவுகள் ஆட்கள் முழங்கால் வரை துணியைச் சுருட்டிக்கொண்டு உட்காருவார்கள். காலில் வந்து உட்காரும் கொசுவைக் கடிப்பதற்குள் பிடித்துக் குழாயில் போடணும். விடிய விடிய. அப்புறம் அந்தக் கொசுக்களில் எத்தனைக்கு உள்ளே மலேரியா ஒட்டுண்ணி இருக்கிறது என்று சோதிப்பார்கள். அப்படிக் கிடைத்த எண் இது: 1990-ல் டியெல்மோவில் ஒருவர் வருஷத்துக்குச் சராசரியாக 142.5 தொற்றுள்ள கடி வாங்கினார். அதாவது இரண்டு மூன்று ராத்திரிக்கு ஒரு கடி, மலேரியாவோடு. நான் ஒரு அலர்ட்டுக்காக எழுந்ததற்கே ரெண்டு நாள் புலம்புவேன்.

இப்போ ஒரு விசித்திரம். அந்த வருஷம் குழந்தைகளில் 87 சதவீதம் பேர் ரத்தத்தில் ஒட்டுண்ணி இருந்தது. பெரியவர்களில் 58 சதவீதம். ஆனால் ஊரே படுத்துக் கிடக்கவில்லை. பெரியவர்கள் வயலில் வேலை செய்கிறார்கள், சந்தைக்குப் போகிறார்கள். உள்ளே ஒட்டுண்ணி, வெளியே ஒன்றுமில்லை. சின்ன வயதில் திரும்பத் திரும்பக் காய்ச்சல் வந்து, பிழைத்து, உடம்பு அதோடு ஒரு சமரசத்துக்கு வந்துவிடுகிறது. அந்தச் சமரசம் உருவாகும் முன்னால் இருக்கும் ஐந்தாறு வருஷம்தான் ஆபத்து. ஆப்பிரிக்காவில் மலேரியாவால் சாகிறவர்களில் பெரும்பாலோர் ஐந்து வயதுக்குக் கீழே இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இதனால் எண்ணுவதில் வரும் தலைவலியைப் பாருங்க. சென்னையில் ஒருவருக்குக் காய்ச்சல், ரத்தத்தில் மலேரியா ஒட்டுண்ணி. மலேரியாதான், சந்தேகமே இல்லை. டியெல்மோவில் ஒரு பையனுக்குக் காய்ச்சல், ரத்தத்தில் ஒட்டுண்ணி. அது மலேரியாக் காய்ச்சலா? சொல்ல முடியாது. அவனுக்கு எப்பவுமே ஒட்டுண்ணி இருக்கு. இந்தக் காய்ச்சல் சளியால் கூட வந்திருக்கலாம். எல்லாவற்றையும் மலேரியா என்று எழுதினால் கணக்கு ஊதிவிடும்.

ரோஜியே குழு 1996-ல் இதற்கு ஒரு வழி சொன்னது. இருக்கா இல்லையா என்று பார்க்காதே, எவ்வளவு இருக்கிறது என்று பார். வெள்ளணுக்களோடு ஒப்பிட்டு ஒட்டுண்ணியை எண்ணு. ஒரு எல்லையைத் தாண்டினால் காய்ச்சல் வருகிறது. அந்த எல்லை எல்லாருக்கும் ஒன்றில்லை, வயதுக்கு ஏற்ப மாறுகிறது. ஒரு வயதுக் குழந்தைக்கு அது மிக உயரம். 60 வயதுக்காரருக்கு இருப்பதைப் போல கிட்டத்தட்ட ஐந்து மடங்கு. பெரியவர்களின் உடம்பு ஒட்டுண்ணியை மிகக் குறைவாகவே வளரவிடும், ஆனால் அந்தக் குறைந்த அளவைத் தாண்டிவிட்டால் சீக்கிரமே காய்ச்சல். அலர்ட் எழுதுகிற யாருக்கும் இது உடனே புரியும். எல்லா சர்வருக்கும் ஒரே எல்லையை வைத்தால் பாதி அலர்ட் பொய், பாதி அலர்ட் வராது. தினமும் வீட்டுக் கதவைத் தட்டி எடுத்த தரவு இல்லாமல் இந்த எல்லையைக் கண்டுபிடித்திருக்கவே முடியாது.

1993-ல் இன்னொரு கிராமத்தையும் சேர்த்தார்கள். ந்தியோப். டியெல்மோவிலிருந்து ஐந்து கிலோமீட்டர். அங்கே ஓடை இல்லை. அதனால் மழைக்காலத்தில் மட்டும்தான் கொசு. தொற்றுள்ள கடி டியெல்மோவைவிட ஏறக்குறைய பத்து மடங்கு குறைவு. அப்படியென்றால் காய்ச்சலும் பத்து மடங்கு குறையணும், இல்லையா? நானும் அப்படித்தான் நினைத்தேன்.

குறையவில்லை. டியெல்மோவில் ஒருவர் பிறந்ததிலிருந்து 60 வயது வரை நாற்பது தடவைக்கு மேல் மலேரியாக் காய்ச்சல் வாங்குவார் என்று கணக்கு வந்தது. ந்தியோப்பில் அதைவிடக் கூடுதல். கடி குறைவாக இருந்ததால் அங்கே எதிர்ப்புச் சக்தி மெதுவாக வந்தது. டியெல்மோவில் குழந்தைப் பருவத்தோடு பெரும்பாலும் முடிகிற விஷயம், ந்தியோப்பில் பெரியவனானாலும் தொடர்ந்தது.

இங்கேதான் ஒரு பெரிய சண்டை. 1996-ல் ட்ராப்பும் ரோஜியேவும் ஒரு கட்டுரை எழுதினார்கள். இவ்வளவு கடி இருக்கும் இடத்தில் கடியைக் கொஞ்சம் குறைத்தால், நீண்ட காலத்தில் காய்ச்சல் குறையாமலே போகலாம், வேறு வயதுக்குத் தள்ளிப்போகலாம் என்பது அவர்கள் எச்சரிக்கை. ஆனால் அதே காலத்தில், எல்லைக்கு அந்தப் பக்கம் காம்பியாவில், பூச்சிமருந்து தோய்த்த கொசுவலை குழந்தை மரணத்தைப் பெருமளவு குறைக்கிறது என்று 1991-லேயே ஆய்வு வந்துவிட்டது. செத்துப்போகாத குழந்தைக்குத்தானே பின்னாடி என்ன ஆகும் என்ற கேள்வியே வரும்? நான் வலைக் கட்சிதான், ஒளிக்க ஒன்றுமில்லை. பின்னால் 2015-ல் வந்த ஒரு பெரிய கணக்கு, 2000-லிருந்து 2015 வரை ஆப்பிரிக்காவில் தவிர்க்கப்பட்ட சுமார் 66 கோடி மலேரியாத் தாக்குதல்களில் 68 சதவீதம் கொசுவலையால் என்றது.

டியெல்மோவில் ஊர் முழுக்க மருந்து வலை வந்தது ஜூலை 2008-ல். அதாவது ஆய்வு தொடங்கி 18 வருஷம் கழித்து. இயற்கையாக எதிர்ப்புச் சக்தி எப்படி வருகிறது என்று பார்க்கத் தொடங்கிய ஆய்வு அது. நடுவில் வலையைக் கொடுத்தால் பார்க்க வந்த விஷயமே மாறிவிடும். காய்ச்சல் வந்தால் ராத்திரி மூணு மணிக்கும் இலவச மருந்து கிடைக்கிற ஊர் செனகல் கிராமப்புறத்தில் வேறு எத்தனை இருந்திருக்கும், அதையும் நினைக்கணும். இரண்டையும் தராசில் வைத்துப் பார்க்கிறேன், முள் எனக்கு நிற்க மாட்டேங்குது.

மருந்துக் கதைக்கு வருவோம், சீக்கிரம் சொல்லிடறேன். டியெல்மோவில் 1990-லிருந்து 94 வரை குயினைன். 1995-லிருந்து குளோரோகுயின். விலை மலிவு, நாடே அதைத்தான் நம்பி இருந்தது, ஆனால் அந்த வருஷங்களில் ஒட்டுண்ணி அதற்குப் பழகிவிட்டது. 2003-ல் செனகல் அதைக் கைவிட்டு வேறு மருந்துக் கூட்டுக்கு மாறியது. 2006-ல் ஆர்ட்டிமிசினின் வகைக் கூட்டு மருந்து. அப்புறம் 2008-ல் வலை. ஒவ்வொரு மாற்றமும் டியெல்மோ நோட்டில் தேதியோடு இருக்கிறது. ஒரு சாஃப்ட்வேரில் ஒவ்வொரு ரிலீஸுக்கும் கோடு போட்டு வைத்த வரைபடம் போல.

வலை வந்த பிறகு நடந்ததைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்றேன். 100 பேரை ஒரு மாதம் கவனித்தால் எத்தனை மலேரியாத் தாக்குதல் வரும், அதுதான் அளவுகோல். ஜனவரி 2007-லிருந்து ஜூலை 2008 வரை அது 5.45. வலை கொடுத்த பிறகு, ஆகஸ்ட் 2008-லிருந்து ஆகஸ்ட் 2010 வரை, 0.41. பத்தில் ஒரு பங்குகூட இல்லை! இரண்டு வருஷம். அந்த ஊர் அம்மாக்களுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று யோசிச்சுப் பாருங்க. மழைக்காலம் வந்தாலே ஏதோ ஒரு பிள்ளை கொதிக்கும் என்று பழகின வீட்டில், இரண்டு மழைக்காலம் கிட்டத்தட்ட அமைதி.

செப்டம்பர் 2010-லிருந்து டிசம்பர் வரை: 4.57.

இரண்டரை வருஷம்கூட முழுசாக ஆகவில்லை, கிட்டத்தட்ட பழைய இடத்துக்கே வந்துவிட்டது. அதுவும் இந்த முறை படுத்தவர்கள் வேறு. 2007, 2008-ல் வந்த தாக்குதல்களில் பத்து வயதும் அதற்கு மேலும் ஆனவர்களின் பங்கு 33 சதவீதம். 2010-ல் அது 63 சதவீதம். கொசுவைச் சோதித்தபோது, வலையில் தோய்த்த டெல்டாமெத்ரின் மருந்து 37 சதவீதக் கொசுக்களைக் கொல்லவில்லை. அந்த எதிர்ப்புக்குக் காரணமான ஒரு மரபணு மாற்றம் 2007-ல் 8 சதவீதமாக இருந்தது, 2010-ல் 48.

ட்ராப் குழு 2011-ல் இதை வெளியிட்டதும் சர்ச்சை வெடித்தது. எதிர்த்தவர்கள் சொன்னதில் நியாயம் இருக்கிறது. ஒரே ஒரு கிராமம். ஒப்பிட வலை இல்லாத இன்னொரு கிராமம் இல்லை. நான்கு மாத எண்ணை வைத்து இவ்வளவு பேசலாமா? பெரியவர்கள் எதிர்ப்புச் சக்தியை இழந்தார்கள் என்பது எண்ணிலிருந்து எடுத்த ஊகம்தான். வேறு விளக்கமும் உண்டு. இரண்டு வருஷப் பழைய வலை கிழிந்திருக்கலாம். காய்ச்சல் இல்லாத ஊரில் புழுக்கத்தில் வலைக்குள் யார் படுப்பார்கள்? கொசு எழும்பின பிறகும் முற்றத்தில் பேசிக்கொண்டு இருந்திருக்கலாம். பின்னால் அதே ஊரில் வேறு ஆய்வாளர்கள் வலைப் பயன்பாட்டைத் தனியாகப் பார்த்தார்கள். வலைக்குள் படுக்காதவர்களின் பங்கு இந்த மறுஎழுச்சியில் பெரிது என்று தெரிந்தது. எனக்கு எல்லாமே கொஞ்சம் கொஞ்சம் உண்மை என்றுதான் படுகிறது. ஒரு புரொடக்‌ஷன் பிரச்சினைக்கு ஒரே காரணம்தான் இருக்கும் என்று நம்புகிறவர் இன்னும் ஆன்-கால் போகாதவர்.

ஆனால் எதிர்த்தவர்களும் சரி, ஆதரித்தவர்களும் சரி, ஒரு விஷயத்தைக் கவனிங்க. செப்டம்பர் 2010-ல் எண் ஏறியது என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது. இரண்டு வருஷம் 0.41-ல் இருந்தபோதும் யாரோ தினமும் வீடு வீடாகப் போய்க் கேட்டுக்கொண்டே இருந்ததால்தான் தெரிந்தது. மலேரியா விஷயத்தில் இது அவ்வளவு சாதாரணம் இல்லை. பக்கத்திலேயே உதாரணம் இருக்கு. இலங்கையில் 1963-ல் மலேரியா நோயாளிகள் நாடு முழுக்க 17 பேர். முடிந்தது என்று நினைத்து டிடிடி தெளிப்பதை நிறுத்தினார்கள், கண்காணிப்பும் தளர்ந்தது. 1968-69 வாக்கில் ஐந்து லட்சத்தைத் தாண்டியது. (அப்புறம் பல பத்தாண்டு பாடுபட்டு, போர்க்காலத்தையும் தாண்டி, 2016-ல் மலேரியா இல்லாத நாடு என்ற சான்றிதழ் வாங்கினார்கள். அதைத் தனி எபிசோடா செய்யணும், நிறைய பேர் கேட்டிருக்கீங்க.)

டியெல்மோவில் 2011-ல் புது வலை கொடுத்தார்கள். எண் திரும்பவும் இறங்கியது. 2012-ல் தொற்றுள்ள கடி வருஷத்துக்கு 7.6. ஒட்டுண்ணி உள்ள குழந்தைகள் 0.3 சதவீதம். 87-லிருந்து 0.3. பெரியவர்களிலும் அதே 0.3.

நான் எதிர்பார்க்காத இன்னொரு விஷயமும் அந்த நோட்டில் இருந்து வந்தது. தினமும் காய்ச்சலை எழுதி, ஒவ்வொரு காய்ச்சலுக்கும் ரத்தம் பார்த்தபோது, சில ஸ்லைடுகளில் மலேரியா ஒட்டுண்ணிக்குப் பதிலாகச் சுருள் சுருளான ஒரு பாக்டீரியா தெரிந்தது. விட்டு விட்டு வரும் ஒரு காய்ச்சல், உண்ணி கடித்து வருவது. அந்த உண்ணி வீட்டுக்குள்ளேயே எலி வளைகளில் குடியிருக்கும். ராத்திரி வந்து கடித்துவிட்டுப் போய்விடும், தூங்குகிறவருக்குத் தெரியாது. 14 வருஷக் கணக்கை 2006-ல் வெளியிட்டார்கள். டியெல்மோவில் 100 பேருக்கு வருஷத்துக்குச் சராசரி 11 பேர் இந்தக் காய்ச்சலில் படுக்கிறார்கள். மேற்கு ஆப்பிரிக்காவின் பெரும்பாலான கிராமங்களில் இந்தக் காய்ச்சலை யாரும் இப்படி எண்ணவில்லை. மைக்ரோஸ்கோப் இல்லாத இடத்தில் விட்டு விட்டு வரும் காய்ச்சல் என்றால் மலேரியா என்று எழுதி, மலேரியா மாத்திரை கொடுத்து அனுப்பிவிடுவார்கள். மாத்திரை வேலை செய்யாது. காய்ச்சல் தானாக விடும், திரும்ப வரும். நம்ம ஊரிலும் 'மர்மக் காய்ச்சல்' என்று பேப்பரில் போடுவார்களே, ஒவ்வொரு தடவை அதைப் பார்க்கும்போதும் இப்ப எனக்கு அந்தச் சுருள்தான் ஞாபகம் வருது.

கடைசியா ஒரு உறுத்தல். டியெல்மோ இப்போது ஒரு சாதாரண செனகல் கிராமமா? 24 மணி நேர மருந்தகம், தினமும் கதவைத் தட்டும் ஆள், நுணுக்கமான ரத்தப் பரிசோதனை. இதெல்லாம் இருக்கும் ஊரில் மலேரியா குறைந்ததில் மருந்துக்கு எவ்வளவு பங்கு, வலைக்கு எவ்வளவு, அந்தக் கதவைத் தட்டுதலுக்கே எவ்வளவு? காய்ச்சல் வந்த அன்றே மருந்து கிடைத்தால், ஒட்டுண்ணி கொசுவுக்குப் போகும் முன்னாலேயே கொஞ்சம் தடுக்கப்படும். அப்போ அளக்க வந்தவர்கள் அளவையே மாற்றிவிட்டார்கள். மருந்தகம் இருபது கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஒரு ஊரில் 87 எப்போது 0.3 ஆகும்? டியெல்மோ எண்ணை வைத்து அதைச் சொல்ல முடியாது. அந்த ஊருக்கு நோட்டு இல்லை.

ஒரு ஸ்லைடுக்கு மைக்ரோஸ்கோப்பில் 200 இடம் பார்ப்பார்கள் என்று படித்தேன். 0.3 சதவீதம் என்று எழுதணும்னா, ஒட்டுண்ணியே இல்லாத ஸ்லைடுகளை ஒன்றன்பின் ஒன்றாக, ஒவ்வொன்றிலும் 200 இடம், ஒருவர் உட்கார்ந்து பார்த்திருக்கணும். அவர்கள் பெயர்கள் கட்டுரைகளின் கடைசியில், நன்றி சொல்லும் பத்தியில் வரும். அந்த ஊர்க்காரர்களுக்கும் அங்கேதான் நன்றி.

சரி மக்களே, இன்னைக்கு இவ்வளவுதான். நான் கிளம்பறேன், இந்த வாரம் மறுபடியும் ஆன்-கால். டேஷ்போர்டு ஜீரோ காட்டுது, ஒரு டெஸ்ட் எரர் அனுப்பிப் பார்த்துட்டு வரேன்.